சண்டைக்கு மூச்சு வேண்டும்

என் மனைவி மீனம்மாளுக்கு நுரையீரல் கெட்டுப்போனதில் லாபம் அடைந்த ஒரே ஆள் என் தம்பி பெண்டாட்டி அமராவதிதான். முப்பது வருஷமாகக் குழாயடிச் சண்டையில் அவள் ஜெயித்ததே கிடையாது. இப்போது இவள் ஆரம்பித்தால் நாலாவது வார்த்தைக்கு மேல் மூச்சு ஏறுவதில்லை. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போய்விடுகிறாள்.

தைலமர விறகில் அடுப்பூதி விழுங்கிய புகை என்றார்கள் ஆஸ்பத்திரியில். இன்ஹேலர் கொடுத்தார்கள். இவளுக்கு அது போதவில்லை. ஸ்டெம் செல் என்கிற உயிரணுவை ஊசியில் போட்டால் நுரையீரல் புதுசாக முளைக்கும் என்று மருமகள் வைஷ்ணவி போனில் ஒரு வீடியோவைக் காட்ட, அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. பேரனைத் தூக்க முடியவில்லை என்றுகூட இவள் புலம்பவில்லை. பொங்கலுக்குள் அமராவதியோடு ஒரு சண்டையாவது முழுசாகப் போட்டு முடிக்க வேண்டுமாம்.

கீரனூரில் பஸ் ஏறித் திருச்சிக்குப் போனோம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, பலன் உறுதியாகவில்லை, காசு கொடுத்தால் இப்போதே போடுகிறேன் என்பவர்களை நம்பாதீர்கள், இன்ஹேலரையும் மூச்சுப்பயிற்சியையும் விடாதீர்கள் என்றார். அந்தச் செல் யாருடையது என்று இவள் கேட்டாள். சில ஆராய்ச்சிகளில் நோயாளியுடையது, சிலவற்றில் அடுத்தவர் கொடுப்பது என்றார். அடுத்தவர் என்றதும் இவள் முகம் போன போக்கிலேயே யாரை நினைத்தாள் என்று தெரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே இவள் இன்ஹேலரை முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் குழாயடியில் அமராவதியின் குடம் வரிசையை மீறி நின்றது. இவள் விறுவிறுவென்று போக, நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஒங்கப்பன் போட்ட கொழாயாடி இது, நீ..."

அவ்வளவுதான், நின்றுவிட்டது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அமராவதி குடத்தோடு நடையைக் கட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குழாயை மூடிவிட்டு வந்து, இவளைத் துவைக்கிற கல்லில் உட்காரவைத்து முதுகைத் தடவினாள்.

"பதறாதீங்கக்கா. மிச்சம் எனக்குத் தெரியும்."

பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இவள் குரலிலேயே, தன் அப்பன், ஆத்தா, தான் வைக்கிற புளிக்குழம்பு, சீராகக் கொண்டுவந்த ஓட்டை அண்டா என்று ஒன்று விடாமல் தன்னையே திட்டித் தீர்த்தாள். தெருவே கூடி நின்று கேட்டது.

மீனம்மாள் இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒங் கூடப்பொறந்த தம்பிய விட்டுட்டியேடி," என்றாள்.