பன்னிரண்டு வோல்ட்டில் நின்றவர்

பவர் சப்ளை பெட்டிகள் செய்துவந்த பெரியவரின் உடலை எடுத்துச் சென்ற பிறகும் அவருடைய நிழல் பட்டறைச் சுவரில் நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவர்கள் நான்கு பேர்: மின்மீட்டர் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூத்த மகள், தையல் கடை வைத்திருக்கும் மகன், அவர் மனைவி, துக்கம் விசாரிக்க வந்திருந்த எதிர்வீட்டு ரேடியோக்கடைக்காரர். மேசை விளக்கு எரிந்தால் நிழல் இருந்தது, அணைத்தால் இல்லை. விளக்கு ஒரு பழைய காரின் பன்னிரண்டு வோல்ட் பல்பு. அதற்கு மின்சாரம் கொடுத்தது பெரியவர் தன் உபயோகத்துக்காகச் செய்து வைத்திருந்த கடைசிப் பெட்டி. அதன் குமிழைத் திருப்பினால் ஒன்றேகால் வோல்ட்டிலிருந்து இருபது வோல்ட் வரை வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதுக்குக் குறைத்தபோது நிழல் மெல்ல உட்கார்ந்தது. பதினான்குக்கு ஏற்றியபோது தலை கூரையில் முட்டி மடங்கியது. பன்னிரண்டில்தான் பெரியவர் உயிரோடு நின்ற உயரத்தில் நின்றார். தையற்காரர் டேப் வைத்து அளந்தார், ஐந்தடி எட்டங்குலம். குமிழை அங்கேயே விட்டுவிட்டார்கள். நிழல் நடுங்காமல் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

பெரியவருக்கு ஊரார் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் தூக்குக்குண்டு. கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் குண்டைப்போல் நிமிர்ந்தே நடப்பார், யாருக்கும் குனியமாட்டார். அப்படிப்பட்டவரின் நிழல் தலைமுதல் கால்வரை வெடவெடவென்று ஆடியது. ரேடியோக்கடைக்காரர் முதல் நாளே உச்சுக்கொட்டினார்.

"கடைசி நேரத்துல மனுஷன் ரொம்பப் பயந்துட்டாரு போல. பாவம்."

"எங்கப்பா எதுக்கும் நடுங்கினவர் இல்ல," என்றாள் மூத்தவள். "நடுங்கறது வோல்டேஜ்."

"அட, அப்போ பெட்டி சரியில்லைங்கறீங்களா? அவரு செஞ்ச பெட்டியா?"

அவர் கேட்டதில் விஷமம் இருந்தது, நியாயமும் இருந்தது. பெரியவர் செய்த நாற்பது பெட்டிகள் ஊரின் பட்டறைகளிலும் கல்லூரிச் சோதனைக்கூடத்திலும் இருந்தன. ஒன்றுகூடப் பழுது என்று திரும்பி வந்ததில்லை. பெட்டி குற்றமற்றது என்றால் அப்பா பயந்து செத்தவர். அப்பா பயப்படவில்லை என்றால் அவர் கைவேலை கெட்டது. இரண்டில் எதை விட்டுக்கொடுத்தாலும் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று மூத்தவளுக்குத் தெரிந்தது. "சரிபண்ணிக் காட்டறேன், அப்புறம் வந்து பேசுங்க," என்று சொல்லி வாசற்கதவைக் காட்டினாள்.

அவளுக்குத் தொழில் தெரியும். வீட்டுக்கு வரும் மின்சாரத்தை ஒரு வாரம் மணிக்கு மணி குறித்தாள், ஏற்ற இறக்கம் பெரிதாக இல்லை. டிரான்ஸ்ஃபார்மரைச் சோதித்தாள். டயோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரிய கெப்பாசிட்டர் வயதாகி உலர்ந்திருக்கும் என்று புதிதாக மாற்றினாள். குமிழின் உள்தடம் தேய்ந்திருக்கும் என்று அதையும் மாற்றினாள். வோல்டேஜை ஒரே நிலையில் பிடித்து நிறுத்தும் ரெகுலேட்டர் ஐ.சி.யைக் கழற்றி, அதே நம்பரில் வேறொன்றைப் போட்டாள். ஒவ்வொரு முறையும் மீட்டர் பன்னிரண்டைக் காட்டி அசையாமல் நின்றது, விளக்கைப் போட்டதும் நிழல் பழையபடி ஆடியது. இப்படியே பதினான்கு மாதம் போயிற்று. தம்பி மனைவி ஒருநாள் டம்ளரை மேசையில் வைத்தபடி கேட்டாள்: "அக்கா, விளக்கைக் கழட்டி வச்சுட்டே அளக்கறீங்களே, ஏன்?"

மூத்தவள் கையிலிருந்த மீட்டரைக் கீழே வைத்தாள். முப்பத்தொரு வருஷம் பிறத்தியார் மீட்டர்களுக்குச் சுமை கொடுத்துச் சோதித்தவள், சொந்த வீட்டுப் பெட்டியை மட்டும் விளக்கு என்ற சுமையில்லாமல் அளந்துகொண்டிருந்தாள். விளக்கு எரிந்தால் அப்பா சுவரில் ஆடுவார். அதைப் பார்த்துக்கொண்டு எண்களைக் குறிக்க அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை விளக்கை எரியவிட்டு, சுவருக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து அளந்தாள். சில நொடிகள் பன்னிரண்டு. விளக்கின் சுமையில் ஐ.சி. சூடேறியதும் மீட்டர் பதினொன்றரைக்கு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் பெட்டிக்குள் இருந்த போர்டை இடம் இடமாகத் தட்டினாள். வெளியே எவ்வளவு வோல்டேஜ் போகிறது என்று ஐ.சி.க்குச் சேதி சொல்கிற சின்ன ரெசிஸ்டர் ஒன்று உண்டு. அதன் பக்கம் தட்டியதும் மீட்டர் துள்ளியது. லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ரெசிஸ்டரின் காலைப் போர்டோடு சேர்க்கும் ஈயப்பற்றில் மயிரிழை விரிசல். சூடு பட்டால் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். லென்ஸை நகர்த்தியபோது, இதுவரை பாகங்களையே பார்த்தவளின் கண்ணில் அப்பா வைத்த மற்றப் பற்றுகளும் பட்டன. பெரியவரின் பற்றுகள் கடுகு உருட்டி வைத்தாற்போல் இருக்கும், ஊருக்கே தெரியும். இவை மெழுகு சிந்தியதுபோல் கோணலும் மாணலுமாகக் கிடந்தன. பக்கத்தில் போர்டு நான்கைந்து இடத்தில் கருகியிருந்தது, ஈயம் உருக்கும் பற்றுக்கோல் குறி தவறித் தொட்ட இடங்கள். கருகிய இடங்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாகப் பற்று வைத்தாள்.

அன்று சாயங்காலம்வரை மீட்டர் பன்னிரண்டைவிட்டு ஒரு வோல்ட்டில் நூற்றில் இரண்டு பங்குகூட நகரவில்லை. மேசையில் இருந்த தம்பியின் கத்தரிக்கோலின் நிழல் சுவரில் ஆணி அடித்ததுபோல் நின்றது. பெரியவரும் நின்றார், முதுகு நேராக, தூக்குக்குண்டாகவே. வலது கை மட்டும், மணிக்கட்டுக்குக் கீழே, விடாமல் நடுங்கியது.

தையற்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அக்கா, அந்த ஈயப்பத்தைக் கொஞ்சம் நெகிழ்த்தி விட்டுடு. எல்லாம் சேர்ந்து ஆடினா வோல்டேஜ்னு சொல்லிக்கலாம். இதுக்கு என்னன்னு சொல்றது?"

"அவர் செஞ்ச பெட்டியை நான் கெடுக்கறதா? வெட்கமா இல்ல உனக்கு?"

"மாமாவுக்குக் கடைசி நாலு வருஷமா கை அப்படித்தான்," என்றாள் மருமகள். "சட்டைப் பட்டன் நான்தான் போட்டுவிடுவேன். உங்க ரெண்டு பேருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க வந்தாலும், இவரு கடையிலேருந்து வந்தாலும் கையைப் பையில விட்டுக்குவாரு."

"அந்தக் கையோடயா இதைச் செஞ்சார்?"

"அஞ்சு மாசம் ஆச்சு அக்கா. ஒவ்வொரு ஈயப்பத்துக்கும் இடது கையால வலது கையைப் பிடிச்சுக்குவாரு. உதவட்டுமான்னு கேட்டா கண்ணாலயே சுட்டுடுவாரு, தெரியாதா உங்களுக்கு?"

மூத்தவள் போர்டை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தாள். அறுபத்திரண்டு பற்றுகள் இருந்தன. ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. பெட்டியின் மூடியைத் திருகி மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து போய் ரேடியோக்கடைக்காரரைக் கையோடு அழைத்துவந்து சுவர்முன் நிறுத்தினாள். பெட்டியில் ஒரு பற்று விட்டிருந்தது, சரிபண்ணியாகிவிட்டது என்றாள். கை நடுக்கம் அப்பாவுடையது, பயத்தால் வந்ததல்ல, நோயால் வந்தது, அந்தக் கையோடு மற்ற அறுபத்தொரு பற்றையும் அவரே வைத்தார் என்றாள். கடைக்காரர் மீட்டரைப் பார்த்தார், சுவரில் ஆடும் கையைப் பார்த்தார். பிறகு உள்ளே வரும்போது கழற்ற மறந்த செருப்பைப் போய் வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தையற்காரர் மெஷினைப் பட்டறைக்கே கொண்டுவந்துவிட்டார். அந்த வெளிச்சத்தில் ஊசி கோப்பது சுலபம் என்கிறார். மருமகள் துணி மடிக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பி வீட்டு விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருப்பாள். மாதம் ஒருமுறை மூத்தவள் வந்து, விளக்கை எரியவிட்டே, வோல்டேஜைச் சரிபார்த்துவிட்டுப் போகிறாள்.

பெட்டியைப் பழுதுபார்த்த அன்றே பெரியவரின் கை நின்றுவிட்டது என்றும், குடும்பத்தார் அடக்கத்தால் அதை வெளியே சொல்வதில்லை என்றும் சிலர் பேசிக்கொள்கிறார்கள். தவறு. பெட்டி சரியாக இருக்கிறது. கை நடுங்குகிறது.