இன்டர்கூலருக்குள் பாதிப் பனியன்

1

இந்தக் கதை ஒரு பாதிப் பனியனிலிருந்து பிறந்தது. மீதிப் பாதி எங்கே போனது என்பதுதான் கதை. இதற்கு மேல் மர்மம் எதுவும் கிடையாது. மர்மம் வேண்டுபவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் தவறாக நினைக்க மாட்டேன். (நினைப்பேன்.)

எழுத உட்கார்ந்தபோது ஆரம்பம் பிரமாதமாக வந்தது:

அன்று காலை பட்டறையில் ஆயிரம் டிகிரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது, தனி ஒருவனாக நான்—

இந்த இடத்தில் என் கொழுந்தியாளின் சிவப்புப் பேனா குறுக்கே ஓடியது. அவள்தான் நாயகி. என் மனைவியின் தங்கை, அலுமினிய வெல்டர், கார்ப் பந்தயக்காரி. தன்னைப் பற்றிய கதை தான் படித்துப் பார்க்காமல் வெளியே போகக் கூடாது என்றாள். ஒப்புக்கொண்டேன். ஓரத்தில் தான் எழுதுவதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டு அப்படியே அச்சில் விட வேண்டும் என்றாள். அதற்கும் ஒப்புக்கொண்டேன். ரேடியேட்டர் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் டிசைனராகக் குப்பை கொட்டி ஓய்வுபெற்றவன் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டான்?

(இருபத்தாறு வருஷம். — கொ.)

பார்த்தீர்களா, இனிமேல் இப்படித்தான்.

2

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் நல்ல நகைச்சுவை ஒன்று வருகிறது, பிறகு வருத்தப்படக் கூடாது.

டர்போ என்பது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் விசிறி. அழுத்தினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூடான காற்று உள்ளே போனால் பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்துப் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது மாதிரி அடிக்கும். நாக்கிங் என்பார்கள். நாலு அடி தாங்கும், ஐந்தாவதில் உடையும். ஆகவே டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு பெட்டி வைப்பார்கள். உள்ளே தட்டையான குழல்கள், குழல்களுக்கிடையே மெல்லிய தகடுகள், இரு பக்கமும் அலுமினியத் தொட்டி. அது காரின் முகப்பில் நின்று எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு, ஒரு பக்கம் வரும் சூட்டை மறுபக்கம் போகாமல் தணித்து அனுப்பும். பெயர் இன்டர்கூலர். இரண்டு சகோதரிகளுக்கு நடுவில் நான் முப்பது வருடமாகப் பார்த்துவரும் வேலையும் இதுதான்.

கார்க் கம்பெனி போட்டுத் தரும் இன்டர்கூலர் தீப்பெட்டி அளவில் இருக்கும். (அவ்ளோ சின்னது இல்ல. — கொ.) அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டத் துடிப்பவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் உண்டு. (நம்மகிட்ட வர்றது மாசம் நாலு பேர். — கொ.) ஓய்வுக்குப் பிறகு அவளுடைய பட்டறையில் ஒரு மூலை எனக்கு. நான் வரைவேன், அவள் வெல்டு செய்வாள், நான் சோதிப்பேன், அவள் என்னைத் திட்டுவாள்.

இந்த முறை செய்தது வாடிக்கையாளருக்கு அல்ல, அவளுடைய சொந்தக் காருக்கு. அந்த என்ஜினை ஆறு வருடமாக ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து அவளே கட்டியிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலைப் பந்தயம். எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள், அந்த வாரம் என்னிடம் சொன்னாள்:

"இது உடைஞ்சா அவ்ளோதான் அத்தான். இன்னொண்ணு கட்ட இன்னொரு ஆறு வருஷத்துக்கு நான் எங்க போறது? வண்டிய வித்துட்டு வாசல் கேட்டு, ஜன்னல் கிரில்னு வெல்டு வெச்சுக்கிட்டு உக்காந்துடுவேன்."

இதை மட்டும் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

3

இப்போது என் கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு எண்கள் கையில் நிற்காது. நல்லவை ஏறும், கெட்டவை இறங்கும். தொழிற்சாலையில் சோதனை நாற்பத்தேழு டிகிரி காட்டினால் தாளில் நாற்பத்தைந்து என்று எழுதுவேன். பொய் என்று சொல்லாதீர்கள். காற்றின் மீது எனக்கு இருந்த நம்பிக்கை அது.

வெள்ளிக்கிழமை சோதனை. பட்டறை மூலையில் என் மேஜை: ஒரு முனையில் ப்ளோயர், அதன் வாயில் ஹீட்டர், அதற்கப்புறம் புத்தம் புது இன்டர்கூலர், வெல்டு வரிசை வரிசையாக மீன் செதில் போல. நூற்றுப்பத்து டிகிரிக் காற்றை உள்ளே விட்டு, வெளியே வரும்போது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்குச் சென்சார் வேண்டும். சென்சார் செருகத் தொட்டியில் துளை வேண்டும். துளை போட்டால் அலுமினியச் சுருள் உள்ளே விழும். அது என்ஜினுக்குள் போனால் சர்வநாசம். விவரம் தெரிந்தவர்கள் துளை போடுமுன் தொட்டிக்குள் துணி திணித்துக்கொள்வார்கள். நான் மகா விவரம். பையில் கிடந்த பழைய பனியனைக் கிழித்துப் பாதியைத் திணித்தேன். துளை போட்டேன். சுருளைத் தட்டிவிட்டேன். சென்சாரை முடுக்கினேன்.

ஒரு வேலையை விட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய மறுநாள் ஆயிற்று.

ப்ளோயரைப் போட்டு இரண்டு நிமிடம் ஓட்டினேன். மீட்டர் முப்பத்து மூன்று காட்டியது.

"முப்பத்து மூணா? மீட்டர் செத்துடுச்சா பாருங்க அத்தான்."

"மீட்டர் சாகல. உங்க அத்தான் உயிரோட இருக்கான், அதான் விஷயம்."

"ரூம்லயே முப்பத்தொண்ணு இருக்கு."

"அப்ப ரெண்டே டிகிரி கூட. எழுதிக்கோ. உலகத்துல எவனும் இத—"

"உள்ள போற அழுத்தம் எவ்ளோ, வெளிய வர்ற அழுத்தம் எவ்ளோ? அத அளந்தீங்களா?"

அதற்கு இரண்டு அழுத்தமானி வேண்டும். ஒன்று பட்டறையில் இருந்தது. இன்னொன்றை வீட்டில் எதற்கோ எடுத்துப் போய் எங்கேயோ வைத்திருந்தேன்.

"அதெல்லாம் கத்துக்குட்டிங்க பாக்குறது" என்றேன்.*

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு இன்டர்கூலரைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் மாட்ட ஆரம்பித்தாள். "உங்க வாயத்தான் நம்ப மாட்டேன். மீட்டர நம்புறேன்" என்றாள் குனிந்தபடியே.

நான் தேநீர் குடிக்கப் போனேன். கடையில் முப்பத்து மூன்று முப்பத்திரண்டு ஆயிற்று. மாலையில், என்ஜினைக் காதால் கேட்டே ட்யூன் செய்யும் காதுக்காரருக்கு போன் செய்தபோது முப்பதரை. அதாவது அறையில் இருக்கும் காற்றையே தோற்கடித்துவிட்டேன். இன்னும் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தால் தொட்டியிலிருந்து பனிக்கட்டி விழுந்திருக்கும்.

* இந்த இடத்தில் எனக்கே கதாபாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தது. இத்தனை வருட அனுபவசாலி முப்பத்து மூன்றை நம்புவானா? வாசகர் ஏற்பாரா? மனைவியிடம் கேட்டேன். "உங்களத் தெரிஞ்சவங்க நம்புவாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

4

சனிக்கிழமை காலை பத்து மணி. மனைவி என் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, எதையோ இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இந்தப் பனியன்ல மீதி எங்க?"

"எந்தப் பனியன்?"

"முதுகு மட்டும் இருக்கு. நெஞ்சக் காணோம்."

என் நெஞ்சம் அப்போதுதான் காணாமல் போனது.

ஒரே நொடியில் எல்லாம் தெரிந்தது. துணி வழியை அடைத்ததால் காற்று சொட்டுச் சொட்டாகத்தான் வெளியே வந்திருக்கிறது. சென்சாரின் முனை துணிக்குள் சொருகிக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கிறது. நான் அளந்தது காற்றின் வெப்பநிலையை அல்ல. என் பனியனின் வெப்பநிலையை.

அந்த நேரம் கார் காதுக்காரரிடம் இருந்தது. பந்தயத்துக்கு என்ஜினை ட்யூன் செய்பவர் அவர். காரை நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் ஓடவிடும் டைனோ மேடை அவரிடம் உண்டு. என்ஜினில் ஒரு மைக்கைப் பொருத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாக்கிங் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே முழு வேகம்வரை விரட்டும் ஒவ்வொரு ரன்னுக்கும் டைமிங்கை, அதாவது பெட்ரோலுக்குப் பொறி வைக்கும் நேரத்தை, ஏற்றுவார். ஏற்றினால் பவர் கூடும், மிஞ்சினால் நாக்கிங். எவ்வளவு ஏற்றலாம் என்பதைக் காற்றின் சூட்டை வைத்து முடிவு செய்வார். அந்தச் சூட்டை அவருக்குச் சொல்லப்போவது என் சென்சார்.

போன் செய்திருக்கலாம். நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

(ஏன் போன் பண்ணல? — கொ.)

பதற்றம்.

(ம். — கொ.)

5

நான் உள்ளே நுழையும் காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: கதவை உதைத்துத் திறந்து, பாய்ந்து, ஓடும் காரின் பானெட் மேல் விழுந்து— (முட்டி வலிக்குதுன்னு மாடிப்படியே ஏற மாட்டீங்க. — கொ.)

இரண்டாவது: நான் போகும்போது என்ஜின் அணைந்திருந்தது, எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், நான் சொன்னேன், சிரித்தோம். இது எனக்கு மிகவும் பிடித்த வடிவம். அவள் அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. பக்கத்தையே கிழித்துவிட்டாள்.

மூன்றாவது:

கதவு திறந்துதான் இருந்தது. கார் மேடையில் பட்டைகளால் கட்டப்பட்டு உறுமிக்கொண்டிருந்தது. முன்னால் ஆளுயர விசிறி. காதுக்காரர் ஸ்டியரிங்குக்குப் பின்னால், மடியில் லேப்டாப். கொழுந்தியாள் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். சுவர்ப் பலகையில் கொட்டை எழுத்தில் "அத்தான் சார் கூலர் — 30.5" என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அவருடைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர். ஒருவர் அதை போட்டோ எடுத்தார்.

வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? "ஒரு சின்ன விஷயம்." வேண்டாம். "சிரிக்காம கேளுங்க." வேண்டாம். "டெக்னிக்கலா ஒரு சிறு—"

ஒரு ரன் முடிந்தது. காதுக்காரர் ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்தினார்.

"பவர் ஏற மாட்டேங்குது. ஆனா காத்து முப்பத்தஞ்சுலயே நிக்குது. சார் கூலர்ல சூடே ஒட்டல. டைமிங் இன்னும் ஏத்தவா?"

"ஏத்துங்க" என்றாள் அவள். "அத்தான் அளந்தது."

அளந்தது என்றாள். சொன்னது என்று சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் என் வார்த்தை ஒன்றுக்கு அவள் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. அப்போது நான் கதவுக்குப் பக்கத்தில், சொல்வதற்கு லட்சணமாக ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் பிரதியில், "ஒரு கணம் தயங்கினேன்" என்று எழுதியிருந்தேன். (கணம்னா எத்தன ரன்? — கொ.) இரண்டாம் பிரதியில், "ஒரு ரன்." (லேப்டாப்ல ஃபைல் இருக்கு. வாசல்ல கேமரா இருக்கு. யோசிச்சு எழுதுங்க. — கொ.)

சரி. மூன்று. மூன்று ரன் ஓடும்வரை நின்றேன். மூன்றாவதில் காதுக்காரர் புருவத்தைச் சுருக்கி ஹெட்போனைக் காதோடு அழுத்தினார். நான்காவதற்கு அவர் கை போனபோது கத்தினேன்:

"நிறுத்துங்க. உள்ள என் பனியன் இருக்கு."

லட்சணமான வாக்கியம் கடைசிவரை கிடைக்கவில்லை.

என்ஜின் அணைந்தது. கொழுந்தியாள் ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றினாள். மூக்குக் குறடை விட்டு இழுத்தாள். வந்தது, என் நெஞ்சுப் பகுதி, ஓரம் பழுப்பேறி, எண்ணெய் நாற்றத்தோடு. அதை உதறி பானெட் மேல் விரித்து வைத்தாள். வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காதுக்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழி?

அவள் சிரிக்கவில்லை.

"எவ்ளோ நேரமா நிக்குறீங்க?"

"இப்பதான் வந்தேன்."

அவள் வாசல் மூலையிலிருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

6

துணி இல்லாமல், டைமிங்கை இறக்கி, மறுபடி ஓட்டினார்கள். நாற்பத்தாறு டிகிரி. கம்பெனிக் கூலர் போட்டபோது அறுபத்தொன்று. ஆக, நாற்பத்தாறு அருமையான எண். பெருமைப்பட வேண்டிய எண். நான் பலகையைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். கை தானாக நாலு போட்டு, அடுத்து இன்னொரு நாலு போடப் போனது. அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே குட்டிக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். மூன்று பிஸ்டன் சுத்தம். நான்காவதின் விளிம்பில் நாக்கிங் கொத்திய, கண்ணுக்கே தெரியாத ஒரு (கடுகளவு. — கொ.) கடுகளவு புள்ளி.

"ஓடலாம்" என்றார் காதுக்காரர். "ஓடாமலும் போகலாம். மலையில பாதி வழியில தெரியும்."

"நாளைக்குள்ள திறந்து மாத்த முடியுமா?"

"முடியாது."

அவள் திரையில் அந்தப் புள்ளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிளக்கைத் திரும்பப் போட்டாள், ஒவ்வொன்றாக, கையாலேயே முடுக்கி.

7

முடிவு.

கோப்பையோடு ஒரு முடிவு எழுதினேன். அடித்தாள். புகையோடு ஒரு முடிவு எழுதினேன், நான் அழுவதாக. அதையும் அடித்தாள்.

"நடந்தத எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதக் கூடாது. என்ன நடந்திருந்தாலும், நீங்க எழுதினா நான் ஜெயிச்சுடுவேன்."

ஆகவே முடிவு என் கையில் இல்லை, உங்கள் கையில். ஞாயிறு காலை, மலையடிவாரம், தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் அவள் கார். ஹெல்மெட் கண்ணாடி கீழே இறங்கிவிட்டது. கொடி இன்னும் மேலேதான் இருக்கிறது. கணக்குப் போட உங்களிடம் மூன்று எண்கள் தருகிறேன்: காற்று நாற்பத்தாறு டிகிரி, புள்ளி கடுகளவு, நான் கதவருகே நின்றது மூன்று ரன். இந்தக் கதையில் நான் கை வைக்காத எண்கள் இந்த மூன்றும்தான். இவற்றை வைத்து அவளை மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதோ பாதி வழியில் நிறுத்துவதோ உங்கள் பாடு.

(ஃபைலத் திறந்து பாத்துட்டேன் அத்தான். நாலு ரன். — கொ.)