பேத்திக்குச் சொன்ன பாங்கு

எங்கள் வீடுகளில் குழந்தை பிறந்தால் அதன் காதில் முதலில் விழ வேண்டியது தொழுகைக்கு அழைக்கிற பாங்கு. பேர் வைப்பது, கொஞ்சுவது எல்லாம் அப்புறம். பெற்றவன் சொல்லுவான், அவன் ஊரில் இல்லாவிட்டால் பாட்டனார் சொல்லுவார். என் அக்கா மகள் யாஸ்மினுக்குப் பெண் பிறந்தபோது அவள் புருஷன் ரியாத்தில் இருந்தான். ஆக, முறை ரசாக் மச்சானுக்கு வந்தது. வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

மச்சான் என் அக்கா ஜுலைகாவின் வீட்டுக்காரர், யாஸ்மினின் அத்தா. பட்டாளத்தில் இருந்தவர்; எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் குண்டுச் சிதறல் அவர் தொண்டையைக் கிழித்துவிட்டது. மனுஷர் பிழைத்ததே பெரிசு. கழுத்துத் தழும்பை விரலால் அழுத்திக்கொண்டால் காற்றோடு காற்றாக ஒரு குரல் வரும், அவ்வளவுதான். அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஐந்து வேளையும் ஓதினார். மகளுக்குத் தலை பின்னிவிட்டபடியே கணக்கு வாய்ப்பாடும் சொல்லிக்கொடுத்தார். நானோ உக்கடத்தில் வாழைத்தார் ஏலம் விடுகிறவன். வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். என்ன பிரயோஜனம்? நான் பேசினதை எவனும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை.

பேத்தி பிறந்த அந்த வருஷந்தான் தொண்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இருக்கிற குரலைப் பத்திரமா வெச்சுக்குங்க. கொஞ்சம் முக்கிக் கத்தினாலும் அதுவும் போயிரும், அப்புறம் எங்கிட்ட வராதீங்க."

குழந்தை மாசம் நிறையாமல் பிறந்துவிட்டது. பீளமேட்டு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மெஷின் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. நர்ஸம்மா தங்கமானவர்.

"புள்ளைய வெளிய எடுக்க முடியாதுங்க. கை விடற ஓட்டை வழியாத்தான் சொல்லோணும். ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க. இந்த எரைச்சலுக்கு மேல கேக்கற மாதிரி சொல்லுங்க" என்றார்.

அக்கா உடனே என்னை வராந்தாவின் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "ஓடு, பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டிட்டு வந்துரு. இவரு சொல்லப்போனா இருக்கற தொண்டையும் போயிரும்."

நானும் அதுதான் சரி என்று மொபெட்டைக் கிளப்பினேன். பின்னாலேயே வந்த மச்சான் சாவியைத் திருகி உருவிக்கொண்டார். விரல் தழும்புக்குப் போனது.

"எங்க போறே, மாப்ள?"

"ஹஜ்ரத்தைக் கூப்பிடத்தானுங்க மச்சான். அடம் புடிக்காதீங்க. நாளைக்குக் குரல் போயிருச்சுன்னா ஓதறதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"மனசுல ஓதிக்குவேன். அல்லாவுக்குக் கேக்கும். இவளுக்கு மனசுல சொன்னாக் கேக்குமா?"

அக்காவும் வந்து அழ ஆரம்பித்தாள். "ஏனுங்க, புள்ள பொழைக்குமோ என்னமோன்னு கெடக்குது. இதுல உங்களையும் ஊமையாப் பாக்கோணுமா நானு?"

"பொழைக்கும். பொழைக்காட்டியும் அல்லா பேரக் கேட்டுட்டுப் போகட்டும், ஜுலைகா. யாஸ்மின் பொறந்தப்ப நான் பட்டாளத்து ஆஸ்பத்திரியில தொண்டையில கட்டோட கெடந்தேன். எம் மகளுக்கு வேற யாரோ சொன்னாங்க." மூச்சு வாங்கினார். "இத்தன நாளா இந்தக் கொரலை எதுக்குக் காப்பாத்தி வெச்சிருக்கறேன்னு நெனச்சே?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டாள். நான் மொபெட்டை ஓரமாக நிறுத்தினேன்.

கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நர்ஸம்மா கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தார். மச்சான் மேற்கே பார்த்து நின்றார். பாங்கு சொல்லுகிறவர்கள் இரண்டு கையையும் காதுக்குக் கொண்டுபோவார்கள். இவருக்கு ஒரு கைதான் காதுக்கு, இன்னொரு கை தொண்டைக்கு. பெட்டியின் ஓட்டையருகே குனிந்தார்.

"அல்லாஹு அக்பர்."

கரகரத்த குரல்தான். ஆனால் மெஷின் இரைச்சலுக்கு மேலே ஏறி வராந்தா வரைக்கும் கேட்டது. இவ்வளவு குரல் அந்த உடம்பில் எங்கே இருந்ததோ! ஒவ்வொரு வாசகத்துக்கும் முன்னால் நின்று மூச்சை இழுத்து, ஓர் எழுத்தையும் விழுங்காமல் சொன்னார். பாதி தாண்டியதும் இருமல் வந்துவிட்டது. குழந்தைமேல் படக் கூடாதென்று சட்டென்று திரும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். முகம் கறுத்துச் சிவந்தது. இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

அக்காவுக்குத் தாங்கவில்லை. கதவிடுக்கில் தலையை விட்டு, "வுட்ட எடத்துல இருந்து சொன்னாப் போதுமுங்க!" என்று கெஞ்சினாள்.

மச்சான் மாட்டேனென்று தலையசைத்தார். இடையில் அறுந்த பாங்கு பாங்காகாது என்று அவர் எண்ணம். நிமிர்ந்து மறுபடி மேற்கே பார்த்து நின்று, முதல் "அல்லாஹு அக்பர்" தொட்டு ஆரம்பித்தார். யா அல்லா, என்ன மனுஷர் இவர்! சண்டையில் எப்படி நின்றிருப்பாரென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நர்ஸம்மா வேறு மதத்துக்காரர், அவரும் கைகூப்பி நின்றுவிட்டார். கடைசி "லா இலாஹ இல்லல்லாஹ்" முழுசாக வந்தது. குழந்தை கையை விரித்து மூடியது. கேட்டுத்தான் செய்ததா என்று யாரைப் போய் விசாரிப்பது?

வெளியே வந்தபோது, சக்கர நாற்காலியில் காத்திருந்த யாஸ்மின், "சொல்லீட்டீங்களா அத்தா?" என்று கேட்டாள். அவர் தழும்பை அழுத்தி வாயைத் திறந்தார். காற்றுகூட வரவில்லை. மறுபடி அழுத்திப் பார்த்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, மகள் தலையைத் தடவி, ஆமாம் என்று தலையாட்டினார். அக்கா சுவரோரமாக உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. உஸ்மா என்று பேர். இப்போது வாய் ஓயாத வாயாடி. நாளெல்லாம் தாத்தாவை "நன்னா, நன்னா" என்று கூப்பிட்டுக்கொண்டு மச்சான் மடியில்தான். போன வாரம் அவர் முகத்தை இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவைக் கேட்டாள்.

"நன்னா பேசவே மாட்டாங்களா?"

"பேசினாங்க கண்ணு. கடைசியா உங்கிட்டத்தான் பேசினாங்க."