இரண்டு ஆள் உள்ள வாக்கியம்

“இன்டர்வியூல என் மார்க் என்னன்னு எனக்குத் தெரியணும், சார்.”

கேட்கவே கூடாது என்று அப்பா சொல்லியிருந்த கேள்வி. எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வீட்டு முன்னறை. வெளியே மழை. நீலப் பூப்போட்ட டைல்ஸ் மேல் ஈரக் காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

அகராதி ஆபீசில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ‘ஊழல்’ என்பதற்கு நான் ஆள் வைத்து எழுதிக் கொடுத்ததையெல்லாம் அடித்துவிட்டு, ‘ஊழல் நாட்டைக் கெடுக்கும்’ என்று இவரே எழுதினார். “கொலைன்னா கொன்னவன் வேணும்மா. ஊழலுக்கு நாடு போதும்” என்று சிரிப்பு வேறு. வாங்கினவன் இல்லை, கொடுத்தவன் இல்லை. மழைக்குத் தானாக முளைத்த காளான் போல.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதே இல்லை. அது செய்தியில் வருவது. நாங்கள் ‘கவனிப்போம்’. மீட்டர் மாட்ட வந்தவரைக் கவனித்தோம், காலேஜ் கிளார்க்கைக் கவனித்தோம்.

போன வாரம் இங்கே புரூஃப் கொடுக்க வந்தபோதுதான் தரையைப் பார்த்தேன். இதே நீலப் பூவில் ஒரு துண்டு எங்கள் அடுப்புக்கு அடியில் கிடக்கிறது. அப்பா டைல்ஸ் போடுகிறவர். கேட்டதற்குத் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. “கவனிச்சேன். உன் வேலைக்காகத்தான். கூலி வாங்கல. அவர்கிட்ட மார்க்கை மட்டும் கேட்டுத் தொலைச்சிராத.”

அப்படியென்றால் நான் தேறியிருக்க மாட்டேன் என்று அப்பாவே நினைத்திருக்கிறார். அதுதான் ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை.

“நீதாம்மா முதல்” என்றார் எடிட்டர். “அடுத்த ஆள் உன் கிட்டகூட வரல.”

“அப்ப எங்கப்பாவை எதுக்கு முட்டி தேய விட்டீங்க?”

“நானா கேட்டேன்? வந்து நின்னாரு. பிரியமா செய்யறவரை வேணாம்னா மனசு நோகாதா?”

“மார்க்கைச் சொல்லியிருந்தா நொந்திருக்காது.”

“சின்ன விஷயத்தை ஊதிப் பெருசாக்காத. போய் வேலையப் பாரு.”

“பாத்து முடிச்சுட்டுத்தான் வந்தேன், சார். மேசையையும் காலி பண்ணிட்டேன். ‘ஊழல்’ பக்கம் காலையிலேயே அச்சுக்குப் போயிருச்சு. உங்க வாக்கியம் அதுல இல்ல.”

“என்ன போட்ட?”

“‘மகளின் வேலைக்காக அப்பா கூலியில்லாமல் தரை போட்டார், அதிகாரி அவருக்கு வசதியாகக் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.’”

அதில் ஆள் இருந்தது. இரண்டு ஆள். ஒருவர் என் அப்பா. அவரை மட்டும் விட்டுவிடலாமா என்று எழுதும்போது கை நின்றது. விடவில்லை.

தரை போட்டு முடித்தால் அப்பா ஈரத்துணியால் துடைத்தபடியே வாசல்வரை பின்னாலேயே நகர்ந்து வெளியேறுவார். தன் தடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது அவருக்கு. நான் வாசலைப் பார்த்து நடந்தேன். முதுகுக்குப் பின்னால் எடிட்டர் போனைத் தேடுவது கேட்டது. செருப்பை மாட்டும்போது ஒருதரம் திரும்பினேன். நீலப் பூக்கள் மேல் என் ஈரக் கால்தடம் வாசல்வரை வந்திருந்தது.