ஈக்களைப் போலக் கை தேய்க்கும் குடும்பம்

1

கிருமிகளின் தரப்பு நியாயத்தை இலக்கியத்தில் முதன்முதலாகப் பதிவு செய்யப்போகிறவன் நான்தான். அடக்கத்தோடு சொல்கிறேன்.

கதை பிறந்த இடம் எங்கள் வீட்டின் நடு அறை வாசல். அக்காவுக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்தது. பிறந்த கையோடு ரத்தத்தில் கிருமி. ஊசி மருந்தால்* பிழைத்து, போன வாரம்தான் வீடு வந்தது. அன்றிலிருந்து வாசலில் ஒரு சானிடைசர் பாட்டில். உள்ளே போகிறவர்கள் ஈரம் தானாகக் காயும்வரை கையைத் தேய்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் நிற்பதைப் பார்த்தால் சர்க்கரை டப்பா மூடியில் உட்கார்ந்த இரண்டு ஈக்கள்.

(*அந்த மருந்து கிருமியைச் சுவர் கட்ட விடாதாம். சுவர் இல்லாத கிருமி வெடித்துவிடும். வீடு கட்டுகிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தக் கிருமிக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை." (மனசு எங்கே இருக்கிறது அதற்கு? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "கொழுப்புச் சட்டை போட்ட நம் நாயகன் ஆல்கஹால் மழையில் நனைந்தபடி" (கிருமியின் மேலுறை கொழுப்பு. ஆல்கஹால் பட்டால் சட்டை கரைந்துவிடும். முதல் வரியிலேயே நாயகன் காலி.)

3

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா எழுதுற?"

"உன்னை எதிர்த்து ஒரு கதை."

"எழுது எழுது. குட்டிய இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கல நீ."

"நேத்து வந்தேன்ல? நீதான் விரட்டிட்ட."

"ரெண்டு தேய் தேய்ச்சுட்டுப் பேண்ட்ல துடைச்சா? சானிடைசர் வேலை செய்ய நேரம் குடுக்கணும்டா." குட்டி பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு தடவை ஆஸ்பத்திரில போய் உக்கார என்னால முடியாது."

இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை வைப்பதாகத் திட்டம். வரவில்லை.

4

முடிவுகள்:

அ) கிருமி ஜெயிக்கிறது. (எழுத மாட்டேன். அவள் என் மருமகள்.)

ஆ) அக்கா திருந்துகிறாள். (அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

இ) இந்தக் கதையை எழுதியவன்

உள்ளே குட்டி அழுகிறாள். அப்பாவும் அம்மாவும் வெளியே போயிருக்கிறார்கள். குளியலறையிலிருந்து அக்கா குரல்: "டேய், நீ போய்த் தூக்குடா. கை..."

"தெரியும்."

5

விரலிடுக்கு. கட்டைவிரல். நகக்கண். தேய்த்துக்கொண்டே நிற்கிறேன். இன்னும் காயவில்லை.

"வந்துட்டேன்டா செல்லம், மாமாவுக்குக் கை காயட்டும்."

(பேனா மேசையிலேயே இருக்கிறது. இதெல்லாம் மனசுக்குள் எழுதுவது. பேனாவைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும். அதனால் 'இ' முடிவை எழுதி முடிப்பது உங்கள் வேலை. ஈ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.)