செருமல் இல்லாத குரல்

வாக்காளர்களிடம் பேச மேடை வேண்டும், மாலை வேண்டும், கூட்டத்தில் நாலு நாற்காலியாவது உடைய வேண்டும் என்று நினைக்கிற அரசியல்வாதிகளுக்கு நடுவில், நம் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு போன் போதும். வாரம் ஒரு காலை தொகுதியில் இருக்கிற எல்லார் போனும் அடிக்கும். எடுத்தால் பதிவுசெய்த அவர் குரல் பேசும். குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை, பஸ் கட்டணம் ஏன் ஏறியது, சட்டசபையில் யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள், எல்லாம் ஒன்றரை நிமிடத்துக்குள் வந்துவிடும். ஊரில் அவருக்குப் பெயர் ‘போன் அண்ணன்’. எதிர்க்கட்சிக்காரர்கள் வேறு பெயரும் வைத்திருந்தார்கள், அதை இங்கே சொல்வதற்கில்லை.

அந்தக் குரலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அரசியலுக்கு வருவதற்கு முன்னால் அவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த நடைமேடையில் என்று சொல்வது வேலை. அவர் ஐந்தாவது நடைமேடை என்றால் மூட்டையும் முடிச்சுமாக ஊரே ஐந்தாவது நடைமேடைக்கு ஓடும். பஸ் வந்து நிற்பதற்கு முன்னால் அவர் குரல் வந்துவிடும், குரல் வந்தால் பஸ் வந்த மாதிரி. அப்படி இருபது வருடம் சம்பாதித்த நம்பிக்கையைத்தான் கட்சி கொத்திக்கொண்டு போய்த் தேர்தலில் நிறுத்தியது.

அவருக்கு ஒரு பழக்கம். அறிவிப்புக்கு முன்னால் மைக்கை மூடிவைத்துக்கொண்டு, இல்லாத ஒரு பஸ்ஸை ஒருமுறை சொல்லிப்பார்ப்பார். ‘எங்கும் நிற்காமல் செல்லும் சொகுசுப் பேருந்து, ஆறாவது நடைமேடையில்’ என்று ராகமாகச் சொன்னால் தொண்டை திறந்துகொள்ளும். அப்புறம்தான் நிஜமான பஸ். ஒருநாள் மைக்கை மூட மறந்துவிட்டார். ஐம்பது அறுபது பேர் ஆறாவது நடைமேடையில் போய் நின்றுவிட்டார்கள். ‘மன்னிக்கவும், அப்படி ஒரு பஸ் இல்லை’ என்று வெலவெலத்துப்போய் இரண்டு தடவை சொன்னார். பாதிப் பேர் நகரவே இல்லை. வெயில் ஏறும்வரை நின்றிருந்துவிட்டு, டிரைவர்களைத் திட்டிக்கொண்டே போனார்கள். இந்தக் கதையைச் சொல்லி அவரே பல தடவை சிரித்திருக்கிறார்.

இப்போது தேர்தலுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. ஊர் முழுக்க ஒரே கேள்வி. அரசு மருத்துவமனையில் இருக்கிற டயாலிசிஸ் பிரிவை மூடப்போகிறார்களாமே, நிஜமா? ஒப்பந்தத்தில் இருந்த மருத்துவர் போய்விட்டார், இயந்திரங்களில் ஒன்றுக்கு உறை போட்டுவிட்டார்கள், இன்னொன்றைக் கழற்றுகிறார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

நிஜம்தான். தலைநகரில் நடந்த கட்சிக் கூட்டத்தில் உறுப்பினரின் காதுபடவே முடிவானது. தேர்தல் முடிந்த மறுவாரம் பிரிவு மூடப்படும். நோயாளிகள் பெரிய நகரத்து மருத்துவமனைக்குப் போய்க்கொள்ள வேண்டியது, போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதுவும் அவர் குரலை வைத்து. ‘எந்தப் பிரிவும் மூடப்படாது, மருத்துவமனை மேம்படுத்தப்படுகிறது’ என்று பேச வேண்டிய வாசகமே கட்சி அலுவலகத்திலிருந்து வந்துவிட்டது.

அந்தப் பிரிவில் வாரம் மூன்று நாள் படுக்கிறவர்களில் ஒருத்தி அவருடைய அக்கா.

அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள். அவளுடைய மகன் பெரிய நகரத்தில், மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில், தரைத்தளத்தில் ஓர் அறை பார்த்து வைத்திருந்தான். அந்த வட்டாரத்தில் அப்படி அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்த வாரத்துக்குள் சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

உறுப்பினர் அக்கா வீட்டுக்குப் போனார். சொல்லிவிடலாம் என்றுதான் போனார். அவள் ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டாள்.

“ஒண்ணும் சொல்லாத.”

“நான் இன்னும் பேசவே இல்லயேக்கா.”

“பேசத்தானே வந்திருக்க. எனக்குன்னு தனியா எதுவும் சொல்லாதடா. பக்கத்துக் கட்டில்ல தையல்காரரு படுத்திருக்காரு. அந்தப் பக்கம் காலேஜ் படிக்கிற பொண்ணு. எம்.எல்.ஏ அக்கான்னு எனக்கு மட்டும் சேதி வந்து, நான் பெட்டியக் கட்டிக்கிட்டுப் போனா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? போன்ல எல்லாருக்கும் என்ன சொல்றியோ, அதையே நானும் கேட்டுக்கறேன்.”

“போன்ல பேசறதெல்லாம்...”

“அதுல நிஜம் எது பொய் எதுன்னு எனக்குத் தெரியும். நீ பொய் சொன்னா செருமுவ. அஞ்சு வயசுல சர்க்கரையத் தின்னுட்டு, தின்னலன்னு சொல்லி செருமின பாரு, அதே செருமல்தான் இன்னிக்கும். போன வாரம் ரோட்டப் பத்திப் பேசறப்ப நாலு தடவ செருமின.”

அவர் சிரித்துவிட்டார். அதோடு, உண்மையைச் சொல்வோம், அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அக்காவுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒரே மூச்சில், போனிலேயே சொல்லிவிடுவோம். கட்சி பிடித்து வெளியே தள்ளினால் தள்ளட்டும். கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி மறுபடி கிடைக்காமலா போகும்? வெகுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போனார்.

ஒலிப்பதிவு அறை அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே தரை அதிரும். அதனால் பதிவு நடக்கிற நேரம் மட்டும் அச்சகக்காரர் இயந்திரத்தை நிறுத்திவைத்துவிட்டு வெளியே போய் நிற்பார். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. உட்கார ஒரு முக்காலி, அதுவும் ஒரு கால் ஆடும்.

“முதல்ல சோதனை ஒண்ணு எடுத்துக்கலாமாண்ணே?” என்று ஒலிப்பதிவுக்காரர் வழக்கம்போலக் கேட்டார்.

சோதனைக்கு எதைப் படிப்பது? கையில் கட்சி அனுப்பிய வாசகம் இருந்தது. குப்பையில் போகப்போகிறதுதானே, போகிறபோக்கில் தொண்டையைத் திறக்கவாவது உதவட்டும் என்று எடுத்துப் படித்தார்.

எப்படிப் படித்தார் என்கிறீர்கள்! ஆறாவது நடைமேடையும் சொகுசுப் பேருந்தும் அவர் குரலுக்குள் திரும்பி வந்துவிட்டன. ‘எந்தப் பிரிவும் மூடப்படாது. உங்கள் வீட்டுப் பிள்ளை சொல்கிறேன், நிம்மதியாக இருங்கள்’ என்ற இடத்தில் லேசாக ஒரு சிரிப்புகூட வந்தது. இப்படியும் எழுதுவார்களா என்று வந்த சிரிப்பு அது. கேட்பவருக்குத் தம்பி ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டுகிற மாதிரி இருக்கும். பயமே இல்லாமல், தண்ணீர் ஊற்றுகிற மாதிரித் தடங்கலின்றிப் பேசினார்.

அப்புறம் நிஜத்தைப் பேசினார். ‘மூடப்போகிறார்கள். எனக்குத் தெரியும். இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.’ இவ்வளவுதான். இதைச் சொல்வதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கட்சித் தலைவரின் முகம் கண் முன்னால் வந்தது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை செருமினார், நடுவில் இருமினார், தண்ணீர் குடித்தார், மறுபடி செருமினார். முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். “சோதனை வேணாம், நிஜத்த அனுப்புங்க” என்றார் உறுப்பினர். வழக்கம்போல இரண்டு பதிவும் உறுப்பினரின் மைத்துனனுக்குப் போயின. தொகுதிக்கே அனுப்புகிற பொத்தான் அவன் கையில்தான் இருந்தது. “ஒண்ணு சோதனை, ஒண்ணு நிஜம், பார்த்து அனுப்புங்க தம்பி” என்று ஒலிப்பதிவுக்காரர் அவனிடம் போனில் சொன்னார். எது எது என்று சொல்வதற்குள் கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்து, பேச்சு கேட்காமல் போயிற்று.

மறுநாள் காலை உறுப்பினர் சந்தைத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். இன்றைக்கு ஜனங்கள் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று, காரை விட்டு இறங்கி நடந்தார். திட்டினால் திட்டு வாங்கிக்கொள்ளலாம். முதலில் பழக்கடைக்காரியின் போன் அடித்தது, அடுத்து செருப்புக்கடை, அடுத்து சலூன். தெருவே அடித்தது. எடுத்தவர்கள் காதில் வைக்காமல், வேலை ஓட வேண்டுமே என்று சத்தமாக வைத்துவிட்டார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் அவருடைய குரலே அவரைப் பார்த்துப் பேசியது.

‘உங்கள் வீட்டுப் பிள்ளை சொல்கிறேன், நிம்மதியாக இருங்கள்.’

அந்தச் சிரிப்பும் வந்தது. பழக்கடைக்காரி ஓர் ஆரஞ்சை எடுத்துத் துடைத்து அவர் கையில் வைத்தாள். “எங்க வீட்டுக்காரருக்கு அங்கதான்யா பார்க்கறோம். வயித்துல பால வார்த்தீங்க” என்றாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். கையில் பிடித்துக்கொண்டே ஒரு சந்துக்குள் ஒதுங்கி, மைத்துனனைக் கூப்பிட்டார்.

“என்னடா அனுப்பின?”

“நல்லதத்தான் மாமா. ஏன்?”

“சோதனைய அனுப்பிட்டியேடா.”

“ஒண்ணு தொடங்கும்போதே ஒரே செருமலும் இருமலுமா இருந்துச்சு மாமா. அதான் சோதனைன்னு நினைச்சு முழுசாக்கூட கேக்கல. இன்னொண்ணு அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. யாரக் கேட்டாலும் அதத்தான் நிஜம்னு சொல்லுவாங்க.”

அவன்மேல் கோபப்படக்கூட அவருக்கு வழியில்லை. அவன் சொன்னது சரிதான்.

“இப்ப அந்த இன்னொண்ண அனுப்பட்டா?” என்று மைத்துனன் கேட்டான். “கட்சியில இருந்து பாராட்டி போன் வந்துருச்சு. மாத்தி அனுப்பினா ரெண்டயுமே நம்ப மாட்டாங்க. ஆனா நீங்க அழுத்துன்னா அழுத்தறேன்.”

“இரு. அக்காகிட்ட முதல்ல சொல்லிட்டுக் கூப்பிடறேன்.”

மருத்துவமனைக்குப் போனார். நீளமான அறை, வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் இயந்திரம். அக்காவின் ரத்தம் குழாய் வழியாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த எல்லாரும் அவரைப் பார்த்ததும் சிரித்தார்கள். ஊசி குத்தாத கையைத் தூக்கிச் சிலர் கும்பிட்டார்கள். தையல்காரர், “இன்னிக்குத்தாண்ணே சோறு எறங்குச்சு” என்றார். கல்லூரிப் பெண் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

“வாடா” என்றாள் அக்கா. “பையன்கிட்டச் சொல்லிட்டேன், ரூம் வேணாம்னு. அவனுக்குக் கொஞ்சம் கோவம்தான். வேற யாரோ அப்பவே வாடகைக்கு எடுத்துட்டாங்களாம்.”

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் காதருகே குனிந்தார்.

“அக்கா.” செருமினார். “மூடத்தான் போறாங்க.” மறுபடி செருமல் வந்தது. “போன்ல வந்தது நிஜமில்ல.”

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “யாரு உன்ன இப்படிச் சொல்லச் சொன்னது?”

“யாரும் சொல்லலக்கா. நானாத்தான்...” இருமல் வந்துவிட்டது.

“பாரு. மூணு வார்த்தை பேசறதுக்குள்ள எத்தன செருமல். எதிர்க்கட்சிக்காரன் மெரட்டறானா? இல்ல, நான் ஊரவிட்டுப் போயிட்டா உனக்குக் கொஞ்சம் பாரம் குறையும்னு பார்க்கறியா?”

“அக்கா, சத்தியமா...”

“சத்தியமெல்லாம் பண்ணாத. காலையில மூணு தடவ போட்டுக் கேட்டேன். ஒரு செருமல் இல்லடா. நடுவுல சிரிச்ச வேற. அந்தச் சிரிப்பு உனக்கு வந்து எத்தன வருஷமாச்சு? எனக்குத் தெரியாதா உன் குரல்?”

சோதனை, நிஜம், மைத்துனன், முதல் பதிவு, இரண்டாவது பதிவு என்று எல்லாவற்றையும் விளக்கிவிடலாம். விளக்க வாயைத் திறந்தார். அறையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முகத்திலும் இருக்கிற இந்தச் சிரிப்பை அணைத்துவிட்டு, அந்த அறையில் அதற்கப்புறம் எப்படி ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பது? தான் எவ்வளவு கோழை என்று அவருக்கு அந்த இடத்தில்தான் முழுசாகத் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பையில் போன் அடித்தது. மைத்துனன்தான்.

“மாமா, சொல்லிட்டீங்களா? அழுத்தவா?”

அவர் எழுந்து நின்றார். ஆரஞ்சு இன்னும் கையில் இருந்தது.

“வேணாம்” என்றார். “காலையில போனதே இருக்கட்டும். அதுதான் நிஜம்.”

குரல் சுத்தமாக, கணீரென்று, பஸ் நிலையத்தின் கடைசி மூலைவரை கேட்கிற மாதிரி வந்தது. ஒரு செருமல் இல்லை.

அக்கா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். “இப்பதான் என் தம்பி பேசற மாதிரி இருக்கு” என்றாள்.