இமைக்காமல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் பார்த்திபனுக்கு வேலை. அவன் மனைவி சுகிர்தா டாக்டர். கண் மருத்துவத்தில் மேல்படிப்புதான் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். இரண்டு முறை நுழைவுத் தேர்வு எழுதியும் இங்கே இடம் கிடைக்கவில்லை. கல்யாணமான மறுவருடமே அதைப் படிக்க பிலிப்பைன்ஸில் உள்ள மணிலாவுக்குப் போய்விட்டாள். விமான நிலையத்தில் சிரித்துக்கொண்டே கையசைத்தவன், கவரப்பேட்டை வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தான்.

தினமும் போனில் பேசுவாள். இன்று ஒரு பாட்டிக்குக் கண்புரை, ஒரு மீன்காரருக்குச் சதை வளர்ச்சி என்று ஊரார் கண்களைப் பற்றியே பேச்சு. கேட்கக் கேட்க அவனுக்குப் பெருமையாகவும் இருக்கும், அந்த முகம் தெரியாதவர்கள் மேல் பொறாமையாகவும் இருக்கும்.

அன்று ஆலையில் வெல்டிங் வைத்த இடத்தை மெஷினால் தேய்க்கும்போது வியர்வையில் பாதுகாப்புக் கண்ணாடி மங்கியது. கழற்றித் துடைத்த அந்த நொடியில் பக்கத்து மெஷினிலிருந்து இரும்புத் தூள் ஒன்று தெறித்து வலது கண்ணில் விழுந்தது. கூட வேலை செய்யும் ஏழுமலை ஓடிவந்தார்.

"இன்னாபா இது, தண்ணியா ஊத்தினு கீது! வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கழுவுனா போயிடும்ணே."

ஆனால் தூள் போகவில்லை. மறுநாள் காலை வீடியோ காலில் சுகிர்தாவிடம் அவன் மறைக்கப் பார்த்தும் முடியவில்லை.

"இன்னாங்க, ஒரு கண்ணை மூடிக்கினே பேசுறீங்க? கிட்ட கொண்டாங்க போனை." பார்த்ததும் அவள் குரல் மாறியது. "இப்பவே கிளம்புங்க. தேய்க்காதீங்க."

பொன்னேரியில் ஜோதிலட்சுமி டாக்டரின் கிளினிக்குக்குப் போனான். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, கருவியில் முகவாயை வைக்கச் சொன்னார் டாக்டர். எதிரே அவரும் குனிந்தார். நடுவில் ஒரு ஜாண் தூரம்கூட இல்லை. இவ்வளவு பக்கத்தில்தான் சுகிர்தா தினமும் யார் யாருக்கோ முன்னால் உட்காருகிறாள் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"மேடம், என் வொய்ஃபும் கண் டாக்டருக்குத்தான் படிக்கிறாங்க. லைன்ல இருக்காங்க."

டாக்டர் சிரித்துவிட்டு, போனை வாங்கிக் கருவியின் கண்குழாயில் வைத்துப் பிடித்தார். பார்த்திபனுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

"தெரியுதாம்மா?"

பார்த்திபனுக்குப் பொறுக்கவில்லை.

"சுகி, இன்னா ஆச்சு? பெரிசா இருக்கா?"

"சின்னதுதான்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உங்க கண்ணை இவ்ளோ கிட்டத்துல நான் பாத்ததே இல்லங்க. ஆடாதீங்க. மேடம் எடுத்துடுவாங்க."

ஊசி முனையில் தூள் வந்துவிட்டது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மறுபடி அழைத்தாள்.

"நான் வந்துடட்டுமா? ஒரு வாரம் லீவு கேக்குறேன்."

வா என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை.

"இதுக்குப் போயா? எழுதிட்டு நிம்மதியா வா. நான் எங்க போயிடப் போறேன்?"

சில நாட்களில் கண் ஆறிவிட்டது. ஆனாலும் அவள் காலையில் ஆஸ்பத்திரிக்குள் நுழையும் முன் கூப்பிட்டு, "கண்ணைக் காட்டுங்க" என்பாள். ஆறிவிட்டது என்று அவனும் சொல்வதில்லை, போதும் என்று அவளும் சொல்வதில்லை. போனை முகத்தருகே பிடித்தபடி, முடிந்தமட்டும் இமைக்காமல் நிற்பான்.